ராகம் தெரியாமல் கச்சேரியில் உட்காரலாமா?

கேள்வி இது: “கோத்தகிரியில் வேலை பார்க்கிறேன். சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவன். போன மாதம் ஊட்டியில் ஒரு கோவில் விழாவுக்கு நண்பர் வற்புறுத்திக் கூட்டிப்போனார். கர்நாடக சங்கீதக் கச்சேரி. அரை மணிக்கு மேல் மனம் நிற்கவில்லை. ஆனால் கடைசிப் பக்கம் மிருதங்கம் மட்டும் தனியாக வாசித்தபோது அசையாமல் உட்கார்ந்துவிட்டேன். ராகம் தெரியாமல் இதை ரசிக்க முடியுமா? வீட்டில் போனில் கேட்டால் போதாதா? மலையில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் வழி உண்டா?”

உங்களை உட்காரவைத்தது மிருதங்கம் என்பதால் என் வேலை சுலபமாகிவிட்டது. ராகத்தைக் கொஞ்ச காலம் தள்ளிவையுங்கள். முதலில் தாளம்.

புதிதாக வருபவரிடம் எல்லாரும் சொல்வது இதற்கு நேர் எதிர். பத்து ராகம் கற்றுக்கொள், அப்புறம் கச்சேரிக்குப் போ என்பார்கள். அப்படிக் கற்றுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாடகர் ஆரம்பித்ததும் இது காம்போதியா, ஹரிகாம்போதியா என்று பரீட்சை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். விடை கிடைப்பதற்குள் ஆலாபனை, அதாவது பாட்டுக்கு முன் தாளமில்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது, முடிந்திருக்கும். விடை கிடைத்தாலும் பெரிய லாபம் இல்லை; பெயர் தெரிந்த திருப்தியில் காது மூடிக்கொள்ளும். ராகங்களின் பெயர் தானாக வந்து ஒட்டும். ஒரே ராகத்தை நாலு கச்சேரியில் கேட்டால் ஐந்தாவதில் ‘இதைக் கேட்டிருக்கிறேனே’ என்று தோன்றும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டால் போயிற்று. கச்சேரிக்கு வரும் பெரியவர்களுக்கு ராகம் எது என்று சொல்வதில் இருக்கும் சந்தோஷம் வேறெதிலும் கிடையாது.

தாளம் அப்படியில்லை. அது இரண்டு நாள் வேலை. பெரும்பாலான பாட்டுகள் ஆதி தாளத்தில் வரும், எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல், இது நாலு. அப்புறம் தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு, இது நாலு. இதோடு மூன்று எண்ணிக்கையாகத் தட்டப்படும் ரூபகம், ஏழு கொண்ட மிஸ்ர சாபு, ஐந்து கொண்ட கண்ட சாபு ஆகியவற்றைத் தெரிந்துகொண்டால் ஒரு கச்சேரியின் பெரும்பகுதிக்கு உங்கள் கையிலேயே வரைபடம் இருக்கிறது. பாட்டு எப்போதும் முதல் தட்டில்தான் ஆரம்பிக்கும் என்று நினைக்காதீர்கள். அரை எண்ணிக்கை தள்ளி, ஒன்றரை தள்ளி எல்லாம் ஆரம்பிக்கும். அந்த இடத்துக்கு எடுப்பு என்று பெயர். கச்சேரி முழுக்க எல்லாரும் திரும்பித் திரும்பி வந்து சேரும் இடம் அதுதான்.

சரி, வீட்டில் போனில் கேட்டால் என்ன? கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கீர்த்தனை என்பது ஏற்கெனவே அமைத்துவைத்த பாட்டு. அதன் சங்கதிகள், அதாவது ஒரே வரியின் மெட்டு மாறுபாடுகள் வரை, குருவிடமிருந்து சிஷ்யருக்குப் பாடாந்தரமாக வந்தவை. ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம், மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் இந்த நாலும் மேடையில் அந்த நேரத்தில் முடிவாகிறவை. பாடகரும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் சேர்ந்து ஒத்திகை பார்ப்பது இன்றும் பொதுவான வழக்கம் இல்லை. இன்று என்ன ராகம் என்பதே வயலின்காரருக்குப் பல நேரம் மேடையில்தான் தெரியும். பாடகர் ராகத்தை எடுத்ததும் அவர் கூடவே இழைய வேண்டும். பனிமூட்டத்தில் முன்னே போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கை மட்டும் நம்பி பின்னால் வண்டி ஓட்டுகிற மாதிரி. அடுத்த பிடி எங்கே திரும்பும் என்று யூகித்து அவர் வில் போகிறது. யூகம் சரியாகிற கணத்தில் பாடகர் தலையைத் திருப்பி ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், அது எந்த ஒலிப்பதிவிலும் கிடையாது. பதிவு என்பது முடிவுகளின் பட்டியல். நேரில் கேட்டால் முடிவு எடுக்கப்படுவதைப் பார்க்கிறீர்கள். நேரில் போவதற்கு நான் சொல்லும் காரணம் இது ஒன்றுதான். ‘அதிர்வலை’, ‘தெய்வீகம்’ என்றெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள், அது அவர்கள் பாடு.

ஆகவே எதைக் கவனிப்பது என்றால், மேடையில் யார் யாருக்கு என்ன விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை.

நிரவலை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டின் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, சொற்கள் தாளத்தில் விழுகிற இடம் மாறாமல், அதே ராகத்துக்குள் மெட்டை மட்டும் மாற்றி மாற்றிப் பாடுவது. முத்துசுவாமி தீட்சிதரின் ‘மீனாக்ஷி மே முதம்’ பாடினால் ‘மதுராபுரி நிலயே’ என்ற வரியில் பெரும்பாலும் நிரவல் வரும். ஒரே வரி பத்து நிமிஷம் போகும். முதல் தடவை கேட்கும்போது ‘ஏன் இதையே பாடுகிறார்’ என்று எரிச்சல் வருவது நியாயமே. கையில் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். வார்த்தை ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்து விழுவது தெரியும். அது நிலையாக இருப்பதால்தான் மற்றது எவ்வளவு அலைகிறது என்று புரியும். பாடகர் ஒரு சுற்று, வயலின் ஒரு சுற்று. பிறகு வேகம் இரட்டிக்கும்.

கல்பனாஸ்வரம் இன்னும் வெளிப்படையானது. ஸரிகமபதநி மட்டும் வைத்து ஒரு விளையாட்டு. முடிவில் பாட்டின் எடுப்பில் வந்து விழ வேண்டும். முதலில் சின்னச் சின்னதாக, அப்புறம் நீளமாக. நடுவில் குறைப்பு என்று ஒன்று வரும்: பாடகரும் வயலினும் ஒரே ஸ்வரத்தைச் சுற்றி எட்டு, நாலு, இரண்டு, ஒன்று என்று அளவைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் பின்னிக்கொள்வார்கள். தாளம் போடத் தெரிந்தவர் யாரும் அந்த இடத்தில் கைபேசியைப் பார்க்க மாட்டார்.

இப்போது உங்கள் மிருதங்கம். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி சபை எழுந்து காபிக்குப் போவது நம் ஊர்களின் பழைய வியாதி. அதில் நீங்கள் சேரவில்லை என்பதே நல்ல சகுனம். அந்த நேரத்தில் பாடகர் கையைப் பாருங்கள்; அவர் தாளம் போட்டுக்கொண்டிருப்பார், வாசிப்பவருக்குப் பிடிமானம் அதுதான். சொற்கட்டுகளின் கணக்கு ரொம்ப எளிது. தகிட என்றால் மூன்று, தகதிமி நாலு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு, தகதிமிதகதகிட ஒன்பது. மூன்றுக்குத் திஸ்ரம் என்று பெயர், நாலுக்குச் சதுஸ்ரம், ஐந்துக்குக் கண்டம், ஏழுக்கு மிஸ்ரம், ஒன்பதுக்குச் சங்கீர்ணம். ஆதி தாளத்தின் ஒவ்வொரு எண்ணிக்கையையும் நாலாகப் பிரித்தால் ஒரு சுற்று 32 மாத்திரை. ததீங்கிணதொம் என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை மூன்று தடவை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட்டு வாசித்தால் 19. அப்படியானால் சுற்றில் 13 மாத்திரை கழிந்தபின் இதை ஆரம்பித்தால்தான் அடுத்த சுற்றின் முதல் தட்டில் சரியாகப் போய் இறங்கலாம். இது குழந்தைக் கணக்கு. தனியின் கடைசியில் வரும் கோர்வை என்ற முடிவுக் கட்டத்தில் இதையே பல சுற்றுகளுக்கு நீட்டி, மூன்று முறை வாசித்து, எடுப்பில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். கடமும் கஞ்சிரா என்ற சின்னத் தோல் வாத்தியமும் இருந்தால் அதையே இருவராகவோ மூவராகவோ சேர்ந்து வாசிப்பார்கள். உங்களை உட்காரவைத்தது பெரும்பாலும் இந்த இடமாகத்தான் இருக்கும்.

இனி மலைக்கு வருவோம். இங்கே கச்சேரி செய்வது சமவெளியில் செய்வதைப் போன்ற காரியம் இல்லை. கேட்பவர்களுக்கு அது தெரிந்திருந்தால் ரசனைக்கு இன்னொரு வாசல் திறக்கும்.

கலைஞர்கள் கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருவார்கள். கீழே முப்பது டிகிரியில் சேர்த்துவைத்த சுருதி ஊட்டியில் பத்து டிகிரியில் நிற்காது. எல்லா வாத்தியமும் ஒரே பக்கமாக நகர்ந்தாலாவது பரவாயில்லை. வயலினின் உலோகத் தந்தி குளிரில் சுருங்கி இறுகுவதால் சுருதி ஏறும். புல்லாங்குழல் இறங்கும், ஏனென்றால் குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவு. பத்து டிகிரிக்கும் முப்பது டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே, ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த வெள்ளை, கறுப்புக் கட்டைகளுக்கு உள்ள இடைவெளியில் பாதிக்கும் சற்று அதிகமாக வரும். வாசிப்பவரின் மூச்சுச் சூடு குழலுக்குள் ஏற ஏற அது கொஞ்சம் சரியாகும். அதனால்தான் குழல்காரர்கள் பாட்டுக்குப் பாட்டு குழலைக் கைக்குள் பொத்திவைத்துக்கொள்வதும், மேடைக்கு வருமுன் ஊதிக்கொண்டே இருப்பதும். மிருதங்கம் தோல் சம்பந்தப்பட்டது. மாலையில் மூட்டம் இறங்கிக் கதவு வழியே உள்ளே வந்தால் தோல் ஈரத்தை வாங்கித் தளரும், சுருதி இறங்கும். ஜனவரி உறைபனிக் காலத்தில் காற்று வறண்டிருந்தால் அதே தோல் இறுகி ஏறும். பாட்டுகளுக்கு நடுவில் கல்லையும் கட்டையையும் வைத்து விளிம்பைத் தட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்துச் சிலர் ‘ஆரம்பிக்கவே மாட்டாரா’ என்று முணுமுணுப்பார்கள். அவர் ஊட்டியின் வானிலையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். கடம் மட்டும் சுட்ட மண், அதற்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

பாடகருக்கு வேறு கஷ்டம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடித்து நிற்கும் கார்வைக்கு மூச்சு சீக்கிரம் தீரும். நாகஸ்வரக்காரர்களைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். மேடையில் ஃபிளாஸ்க்கும் வெந்நீரும் அலங்காரத்துக்கு இல்லை.

ஆகவே முதல் பத்து நிமிஷத்தை வைத்து எடை போடாதீர்கள். முதலில் வர்ணம் என்ற தொடக்க உருப்படியைப் பாடுவது பெரும்பாலும் குரலும் வாத்தியங்களும் ஒன்றாகச் சேர்வதற்குத்தான். வர்ணத்தில் தொடங்கி, சின்னக் கீர்த்தனைகள், நடுவில் விஸ்தாரமாக ஒரு பெரிய உருப்படி, தனி, கடைசியில் துக்கடாக்கள் என்ற சின்னப் பாட்டுகள், மங்களம் என்ற இந்த அமைப்பை நிலைபெறச் செய்தவர் என்று பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். இரண்டரை மணி நேரத்தில் சாப்பாட்டுக்கு முன் பின் எல்லாம் வைத்துக் கொடுத்துவிடும் கெட்டிக்காரத்தனம் அதில் உண்டு. ராகம் தானம் பல்லவி, அதாவது ஒரு ராகத்தையும் ஒரே ஒரு பல்லவி வரியையும் நீளமாக விரிப்பது, வந்தால் அதிர்ஷ்டம். இப்போதைக்கு அதைப் புரிந்துகொள்ள முயலாமல் நடுவில் துள்ளலோடு வரும் தானத்தை மட்டும் அனுபவியுங்கள்.

சுருதிக்கு ஒரே ஒரு பயிற்சி. கச்சேரி ஆரம்பிக்குமுன் தம்புராவின் ‘ஸ’வை மனதுக்குள் முனகிப் பாருங்கள். ஆண் குரலானால் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை; பெண் குரலானால் ஐந்து, ஐந்தரை. அந்த எண் முக்கியம் இல்லை. ஆலாபனையில் பாடகர் எங்கெங்கோ சுற்றிவிட்டு மேல் ஸட்ஜத்தில் வந்து நிற்கும்போது, அவர் வீடு வந்து சேர்ந்துவிட்டார் என்று உங்களுக்கே தெரிந்தால் போதும். ராகத்தின் பெயரைவிட இது பெரிய அறிவு.

எங்கே உட்காருவது? மலையில் நமக்கு ஒரு வசதி உண்டு. கூட்டம் குறைவு, கூடம் சின்னது. சென்னையில் பெரிய வித்வான் என்றால் இருபதாவது வரிசையில் மைக் வழியாகத்தான் கேட்கலாம். இங்கே கோவில் மண்டபத்திலோ கல்யாண மண்டபத்திலோ பத்தடி தூரத்தில் உட்காரலாம். முன்வரிசை, உங்களுக்கு இடது ஓரம். பாடகருக்கு வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின் என்பது வழக்கம். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது நடுவில் கறுப்பு மை பூசிய தலை, சபையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதற்காக. பாடகர் தாளம் போடும் வலது கையும் அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். இந்த இட ஏற்பாட்டில் ஒரு காலத்தில் பெரிய தகராறு உண்டு. பழனி சுப்பிரமணிய பிள்ளை, 1908இல் பிறந்து 1962இல் மறைந்த மகா மிருதங்க வித்வான், இடது கைக்காரர். அவர் வழக்கமான பக்கம் உட்கார்ந்தால் வலந்தலை சபைக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். அவரை மறுபக்கம் உட்காரவைத்தால் வயலின்காரர் இடம் மாற வேண்டும். அதற்கு எல்லாரும் சம்மதித்துவிடவில்லை. பாலக்காட்டுப் பக்கத்துப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவருக்காக நின்று, மேடையில் இடம் மாற்றிப் பக்கத்தில் உட்காரவைத்தார். பழனிப் பாணி வாசிப்பில் தொப்பியில் வரும் கும்கியைக் கேட்பதற்கென்றே பழைய ஒலிப்பதிவுகளைத் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தொப்பி என்பது வழக்கமாக இடது பக்கம் வரும் தடித்த தலை, கும்கி என்பது அதில் மணிக்கட்டை அழுத்தித் தேய்த்து எடுக்கும் வளைந்த நாதம். பத்தடி தூரத்தில் உட்கார்ந்தால் அது காதில் விழும். மைக்கை எக்கச்சக்கமாக ஏற்றிவைத்தால் வெறும் ‘டும்’ தான். நூறு பேர் உட்காரும் கூடத்துக்கு ஆறு ஸ்பீக்கர் வைக்கும் பழக்கம் நம் மலையிலும் வந்துவிட்டது. ஏற்பாட்டாளர் தெரிந்தவராக இருந்தால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், பாவம் புண்ணியம் பார்க்க வேண்டாம்.

மொழி புரியவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். தியாகராஜர் தெலுங்கு, தீட்சிதர் சமஸ்கிருதம் என்று நடுப்பகுதி போய்விடும். துக்கடா நேரம் நம்முடையது. விருத்தம் வந்தால் விடாதீர்கள்: தாளமே இல்லாமல், ஒரு தமிழ்ப் பாட்டின் வரிகளை ராகம் மாற்றி மாற்றிப் பாடுவது. சினிமாப் பாட்டில் வளர்ந்த காதுக்கு அது உடனே பிடிக்கும். பழனிக்கு அருணகிரிநாதர் பாடிய ‘நாத விந்து கலாதீ நமோநம’ திருப்புகழ், ஈரோட்டுப் பக்கத்துப் பெரியசாமித் தூரன் பழனி முருகனைப் பற்றி எழுதிய ‘கலியுக வரதன்’ இவையெல்லாம் அடிக்கடி வருபவை. இரண்டாவது பிருந்தாவன ஸாரங்கா ராகம். குறிஞ்சி என்றே ஒரு ராகம் உண்டு. சங்கராபரண ராகத்தின் குடும்பம், தாலாட்டுக்கும் கல்யாணப் பாட்டுக்கும் எடுப்பார்கள். மலைக்கு வந்த வித்வானிடம் சீட்டு எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், பாடாமல் போக மாட்டார். சங்க இலக்கணம் குறிஞ்சித் திணைக்குக் கூதிர் என்ற குளிர்காலத்தையும் முன்பனியையும் யாமம் என்ற நள்ளிரவையும் பொழுதாக வைத்தது. டிசம்பரில் கோத்தகிரியில் ராத்திரி அதைக் கேட்பது பொருத்தம்தான், சால்வையோடு.

எங்கே போவது என்றால், முதலில் தூரமே வேண்டாம். சித்திரையில் ஊட்டி மாரியம்மன் தேர், குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழா போன்ற சமயங்களில் நாகஸ்வரம் எங்கே வாசித்தாலும் கூடவே நடங்கள். சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு இசை வாசித்தால், தவிலுக்கு ஒரு கைக்கெட்டும் தூரத்தில் நின்று கேளுங்கள். டிக்கெட் இல்லை, மைக் இல்லை. இதைக் கச்சேரியாக எண்ணாதவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அடுத்தது கோவை. ஆர்.எஸ்.புரம் பாரதிய வித்யா பவன் போன்ற அரங்குகளில் நல்ல கச்சேரிகள் நடக்கும். மாலைக் கச்சேரிக்குப் போனால் அன்றிரவே மலை ஏறுவதை மறந்துவிட்டுத் தங்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பரில் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேரை ஒட்டி நடக்கும் இசை விழா கோவையிலிருந்து எட்டும் தூரம். அதே ஐப்பசி, கார்த்திகையில்தான் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அடைமழையும் மண் சரிவும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கூடலூர்க்காரர்களுக்கு ஆனி, ஆடி மழை. தகரக் கூரை மண்டபத்தில் அந்த மாதங்களில் கச்சேரி வைப்பவர்களை மன்னிக்கவே முடியாது. கூடலூர்க்காரர்கள் மைசூருக்குத் தசராக் கச்சேரி கேட்கப் போனால் பந்திப்பூர் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும்.

சென்னை மார்கழி சீசனுக்கு மேட்டுப்பாளையத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை சென்னை. பள்ளி அரையாண்டு விடுமுறையும் அப்போதுதான். மாலை நேரப் பெரிய பெயர்களுக்கு வரிசையில் நிற்காதீர்கள். பல சபாக்களில் காலையும் மத்தியானமும் இளையவர்கள் கச்சேரி இலவசம். கூட்டமும் இராது, முன்வரிசை கிடைக்கும். பேரெடுக்க வேண்டிய வயதில் இருக்கிறவர்கள் மேடையில் எடுக்கும் துணிச்சல் தனி.

நடத்தை விஷயம் இரண்டு வரி. எழுந்து போவதானால் பாட்டு முடிந்ததும் போங்கள், ஆலாபனை நடுவில் வேண்டாம். தாளம் தொடையில் போடுங்கள், நாற்காலிக் கையில் போட்டால் பக்கத்து வரிசைக்கே கேட்கும். நல்ல இடம் வந்தால் ‘பலே’ என்று சொல்லத் தயங்க வேண்டாம். மேடைக்கு அது தேவை, அதிலும் மலையில் கையுறை போட்ட கைதட்டலுக்குச் சத்தமே வருவதில்லை.

முதல் மூன்று நாலு கச்சேரிக்கு வாய்ப்பாட்டுக்கே போங்கள், வாத்தியக் கச்சேரி அப்புறம். ஊட்டியில் கச்சேரி என்றால் கோத்தகிரிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தால் தனி முடிந்து கைதட்டும்போது எழுந்துவிடலாம். நான் சொன்ன இடது ஓர இருக்கை அதற்கும் உதவும். துக்கடா போய்விடும், பரவாயில்லை, அதைப் போனில் கேட்டுக்கொள்ளலாம்.